கோ செய்னை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

1

மச்சான் ஞானமுத்துவின் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. நான் இன்னும் பதில் போடவில்லை. மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று நினைப்பவர். காஜிமார் தெருவில் தொப்பிக் கடை வைத்திருக்கும் காதர் மைதீன் அவருடைய சிநேகிதர். அவருக்கும் அதே வியாதி. இரண்டு பேரும் சாயங்காலமானால் அந்தக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள்.

கடிதம் இதுதான்:

"மாப்ளைக்கு எழுதுவது. இங்கே எல்லார் வாயிலும் பர்மாதான். உடம்பில் கருடனைப் பச்சை குத்திக்கொண்டால் குண்டு பாயாது என்று நம்பிக் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்களாமே. இது சுத்தமான மத விவகாரம் என்கிறேன் நான். தலைவரி கட்ட வழியில்லாதவன் தூக்கிய கத்தி, இது அரசியல் என்கிறான் காதர். ஆறு வாரமாக இதே வழக்கு. நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், அதுவும் சர்க்கார் ஆபீஸில். மதமா, அரசியலா, ஒரே வார்த்தையில் எழுதவும். அருளம்மாவும் குழந்தையும் சௌக்கியமா?"

அருளம்மா என் மனைவி, அவருடைய உடன்பிறந்த தங்கை. அவளைப் பற்றிய விசாரணை கடைசி வரியில் வந்ததைப் பார்த்து, "எங்க அண்ணனுக்கு என்னையவிட பர்மாதான் முக்கியம்" என்றாள் அவள்.

ஒரே வார்த்தையில் எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை ஊர்க்காரர்கள் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிட்டால், மச்சானுக்கும் காதர் அண்ணனுக்கும் தனித்தனியாகத் தபால் போட வேண்டியதில்லை.

2

நாங்கள் இங்கே வந்து ஒன்பது வருஷமாகிறது. ரங்கூனிலிருந்து ரயிலில் அரை நாள் தூரத்தில், நெல் வயல்களுக்கு நடுவே சின்ன டவுன். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் தாராளமாக வந்த வருஷத்தில் மேலூர்ப் பக்கம் எப்படி இருக்குமோ, வருஷா வருஷம் இந்த ஊர் அப்படி இருக்கும். நம் தாலுகா கச்சேரி மாதிரி இங்கே ஓர் ஆபீஸ். அதில் நான் குமாஸ்தாவும் மொழிபெயர்ப்பாளனும். எங்கள் மேலதிகாரி பர்மாக்காரர். பதவிக்கு 'மியோ ஓக்' என்று பெயர், நம் தாசில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பர்மா பாஷைப் பரீட்சையில் எழுத்தில் திறமையால் தேறினேன், பேச்சில் பரீட்சகரின் கருணையால் தேறினேன். இந்த பாஷையில் ஒரே சொல்லை ஏற்றி ஒரு மாதிரி, இறக்கி ஒரு மாதிரி சொல்ல வேண்டும். 'ச்சா' என்று தாழ்த்திச் சொன்னால் தாமரை. உயர்த்தி இழுத்தால் புலி. வந்த புதிதில் மியோ ஓக் வீட்டு விசேஷத்துக்கு அருளம்மா ஒரு கூடை தாமரைப் பூ எடுத்து வந்தாள். வாசலில் நின்று, "என் மனைவி புலி கொண்டு வந்திருக்கிறாள்" என்று நான் பணிவாகச் சொன்னேன். மியோ ஓக் எனக்குப் பின்னால் நின்ற அருளம்மாவைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்வாங்கினார். அவள் அன்றைக்கு என் மேல் ஏதோ கோபத்தில் இருந்ததும் ஒரு காரணம்.

விஷயம் தெரிந்ததும், "பூவுக்கும் புலிக்கும் வித்தியாசம் தெரியாத பாஷ எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். கடைவீதியில் விரலைக் காட்டியும் முகத்தைச் சுளித்துமே ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தினாள்.

மகள் எஸ்தர் நேர் எதிர். இரண்டு வயதில் கப்பலேறி வந்தவள், இப்போது பதினொன்று நடக்கிறது. கன்னத்தில் சந்தனம் மாதிரி தனக்கா பூசிக்கொள்வாள். தூக்கத்தில் பர்மா பாஷையில் பேசுவாள். அடுத்த வருஷம் ஊருக்குப் போகலாம் என்று நான் சொன்னால், "கலாக்கள் எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க, போகவே மாட்டாங்க" என்பாள். கலா என்றால் இந்தியாவிலிருந்து வந்த நாம்தான். தானும் அதில் சேர்த்தி என்று அவளுக்கு இன்னும் தோன்றவில்லை.

அவளுடைய பள்ளிக்கூடம் இரண்டு மைல் தூரம். அவளையும் இன்னும் ஐந்து பெண்பிள்ளைகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிப் போகிறவன் கோ செய்ன். 'கோ' என்றால் நம் 'அண்ணே' என்பது போல. முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல பாட்டுக்காரன். வண்டி போகிற வழியெல்லாம் அவன் பாடுவான், பிள்ளைகள் பின்பாட்டுப் பாடுவார்கள். எஸ்தரை 'மா எஸ்தா' என்று கூப்பிடுவான். அந்த வண்டியில்தான் அவள் என்னைவிட நன்றாக பர்மா பாஷை கற்றுக்கொண்டாள்.

அறுவடை முடிந்த சமயம் ஒரு நாள் வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோ செய்னின் மாடு ஒன்றை வரி பாக்கிக்காக ஊர்த் தலைவர் பிடித்துப் போய்விட்டார் என்று முதலில் கேள்விப்பட்டோம். பிறகு கோ செய்னே காணாமல் போய்விட்டான் என்றார்கள். எங்கே போனான் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

3

அப்போது நெல் விலை கிணற்றில் விழுந்த கல் மாதிரி விழுந்திருந்தது. காட்டுப் பக்கம் ஒருவர் தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டு குடை பிடித்து உட்கார்ந்துவிட்டதாகவும், இனி வெள்ளைக்காரனுக்கு வரி இல்லை, பர்மாவுக்குத் தனி ராஜ்யம், தனி ராஜா என்றும் கிராமம் கிராமமாகச் சேதி பரவியது. சத்தியம் செய்து, கருடன் பச்சை குத்தி, தாயத்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் போனார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை. அதே சமயம் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரிக்கலாமா வேண்டாமா என்று ரங்கூனில் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டு விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மியோ ஓக் பிரிய வேண்டும் என்கிற கட்சி. பட்டுத் தலைப்பாகையைச் சரி செய்தபடி ஆங்கிலத்தில் அதைப் பற்றி அழகாகப் பேசுவார். மனுவில் எழுதிப் பிரிவினை கேட்டால் தேநீர் விருந்து கிடைக்கும், கத்தியோடு கேட்டால் குண்டு கிடைக்கும் என்று நான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு வேடிக்கை சீக்கிரமே தீர்ந்துபோனது. கிளம்பியவர்களில் சில கோஷ்டிகள் வெள்ளைக்காரனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் எட்டாத தூரத்தில் இருந்தான், நாங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தோம். கிழக்கே ஒரு கிராமத்தில் பால் விற்றுக்கொண்டிருந்த முனியாண்டி, நம் திருமங்கலத்துக்காரர், வெட்டுப்பட்டு இறந்தார். அவருடைய மனைவிக்கு மாதாமாதம் அவருக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். கடைசிக் கடிதத்தை அவர் சொல்லாமல் நானே எழுத வேண்டியதாயிற்று.

டவுனிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மூன்று வாரம் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் எல்லாரும் ஒரே கூடத்தில். நாற்பது பேருக்கு அருளம்மா குழம்பு வைத்தாள். புளி ஜாஸ்தியா கம்மியா என்பதில் இரண்டு கட்சி உண்டாகி, வெளியே நடக்கிற கலகத்தைவிட உள்ளே நடந்த கலகம் பெரிதாக இருந்தது. எஸ்தர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, "கோ செய்ன் வந்தா நம்மள விட்டுருவாருப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அருளம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

4

மதச் சண்டை என்றதும் எனக்கு எங்கள் மதுரைத் தெரு நினைவுக்கு வருகிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். என் தகப்பனார் புராட்டஸ்டண்ட் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது கத்தோலிக்கர்களின் சப்பரம் மேளதாளத்தோடு அந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் மேளம் இன்னும் கொஞ்சம் ஓங்கி ஒலித்தது. டிரில் வாத்தியார் ஓடிப்போய் மேளத்தைப் பிடுங்கினார். மேளம் கிழிந்தது. பிறகு வழக்கம் போல ரத்தம், மூக்கு, போலீஸ்.

ஏட்டையா நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். "மத விவகாரமா, சொந்த விவகாரமாய்யா? எதுன்னு எழுதட்டும்?"

அரை மணி முன்னால் அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் ஒரே குரலில், "மதம்!" என்றார்கள்.

மேளக்காரரின் தங்கைக்கும் டிரில் வாத்தியாருக்கும் பேசி முடித்த நிச்சயதார்த்தம் அதற்கு இரண்டு வாரம் முன்பு முறிந்துபோனது தெருவுக்கே தெரியும். கல்யாணம் நின்றதற்காக மேளம் கிழிந்தது என்று ஸ்டேஷனில் சொல்ல யாருக்கு மனசு வரும்? மதம் என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆனால் நிச்சயதார்த்தம் ஏன் முறிந்தது? கல்யாணத்தை எந்தக் கோயிலில் வைப்பது என்கிற தகராறில். ஆக ஏட்டையா எழுதியதைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வழக்கில் எனக்குத் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

5

கலகம் அடங்கத் தொடங்கியதும், சரணடைகிறவர்களை விசாரித்து அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூடவே பூர்த்தி செய்து அனுப்ப ஒரு கட்டு பாரம். பாரத்தில் பதினோரு கட்டம். பெயர், தகப்பன் பெயர், ஊர், வைத்திருந்த ஆயுதம், பச்சை உண்டா இல்லையா என்று போகும். ஒன்பதாவது கட்டம்: 'சேர்ந்ததற்குக் காரணம்: மதம் / அரசியல். பொருந்தாததை அடிக்கவும்.'

மச்சானின் கடிதம் வந்த அதே வாரம் இந்தப் பாரமும் வந்தது. அவர்தான் ரங்கூனுக்கு எழுதிப்போட்டு இதை அச்சடிக்க வைத்தாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

மியோ ஓக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ்டர் சாமுவேல், மதம் என்று எழுதினால் ஏமாற்றப்பட்ட பாமரன். எச்சரித்து, ஜாமீன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கி, வீட்டுக்கு அனுப்பலாம். அரசியல் என்று எழுதினால் ராஜத்துரோகம். விசேஷக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே போனவர்கள் அநேகமாகத் திரும்பி வருவதில்லை. எனக்கு அறுவடைக்கு ஆள் வேண்டும். புரிகிறதா?"

புரிந்தது. முதல் நாள் இருபது பேருக்கும் மதம். இரண்டாம் நாள் வரிசையில் ஐந்தாவதாக கோ செய்ன் நின்றான். மெலிந்து, தாடி வளர்ந்து, பாதம் புண்ணாகி இருந்தான். என்னைப் பார்த்ததும், "மா எஸ்தா நல்லா இருக்கா?" என்றான். நான் பேர் என்ன என்று கேட்டேன். அவன் பர்மா பாஷையில்தான் பேசினான். ஆனால் எனக்கு அது நம் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

பச்சை உண்டா என்றேன். சட்டையை விலக்கிக் காட்டினான். நெஞ்சில் ஒரே ஒரு சிறகு. கருடனின் மற்ற பாகம் எதுவும் இல்லை.

"பாதிதான் இருக்கே?"

"வலி உசிரு போச்சு சயா. எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்."

சயா என்றால் ஐயா. பாதிப் பச்சைக்கு என்ன எழுதுவது என்று மியோ ஓக்கைக் கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லை என்றார். 'கருடன், ஒரு சிறகு' என்று எழுதிவிட்டு ஒன்பதாவது கட்டத்துக்கு வந்தேன்.

"பாதாவுக்காகவா போனீங்க?" என்று கேட்டேன். பாதா என்றால் மதம்.

"ஆமா சயா, நான் பேசுறது பர்மா பாதாதான். வேற ஒண்ணும் தெரியாது."

இதிலே என் உச்சரிப்பின் மேல் குற்றமில்லை. நம் பாஷை என்கிற சொல்தான் இவர்கள் வாயில் பாதா ஆகியிருக்கிறது. மதத்துக்கும் அதுதான், மொழிக்கும் அதுதான். பாரத்தை அச்சடித்தவருக்கு இது தெரியாது.

"பாஷையைக் கேக்கல. புத்தர் மதத்துக்காகப் போனீங்களான்னு கேக்குறேன்."

அவன் பதறிப்போனான். "அதுக்கு நான் யாரு சயா? விரத நாளு எதுன்னே என் சம்சாரம் சொல்லித்தான் தெரியும். கள்ளு குடிக்கிறவன் நான். சாமி பேரச் சொல்லிப் பொய் சொன்னா நாக்கு அழுகிரும். அப்படி எழுதாதீக."

"அப்ப அரசியலா?" என்றேன், வராது என்று தெரிந்தே.

"அது ரங்கூன்ல சப்பாத்துப் போட்டுட்டுப் பேசுறவுக விஷயம்ல?"

மியோ ஓக் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு தேநீர் குடிக்க எழுந்து உள்ளே போய்விட்டார்.

"மாட்டைப் புடிச்சுட்டுப் போனாங்களே, அந்தக் கோவமா?" என்று கேட்டேன். கொட்டாம்பட்டியில் என் சின்னத் தாத்தாவின் உழவு மாட்டைக் கிஸ்தி பாக்கிக்காக ஜப்தி செய்து ஓட்டிப் போனபோது, அவர் மூன்று நாள் யாரோடும் பேசாமல் வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"கோவம் இருந்துச்சு. அம்புட்டுக் கோவம். ஆனா அதுக்காகப் போகல."

"பின்ன எதுக்குத்தான் போனீங்க?"

"மச்சான் வந்து கூப்புட்டாரு சயா."

"யாரு?"

"சம்சாரத்தோட அண்ணன். வாசல்ல நின்னுக்கிட்டு, வாரியா இல்லையான்னு கேட்டாரு. அடுப்படியில சம்சாரம் கேட்டுக்கிட்டே நிக்கிறா. வரலைன்னு சொல்லிட்டு நான் அந்த வீட்டுல எப்படிச் சோறு திங்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே நின்ற போலீஸ்காரனும் சிரித்தான். மச்சான் ஞானமுத்து கையில் வில்லும் அம்புமாக என் வாசலில் நிற்பது போலவும், அருளம்மா கரண்டியோடு கதவோரம் காது கொடுத்து நிற்பது போலவும் ஒரு கணம் தோன்றியது. நானும் போயிருப்பேன். வேறு வழி?

"உங்க மச்சான் எங்க? அவரையும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"செத்துட்டாரு. அவரு முழுக் கருடன் குத்தியிருந்தாரு."



6

மியோ ஓக் இன்னும் வரவில்லை. பாரத்தில் இல்லாத ஒரு கேள்வி என்னிடம் இருந்தது.

"பால்காரர் முனியாண்டி ஊருக்குப் போன கோஷ்டியில நீங்க இருந்தீங்களா?"

"இல்ல சயா. அது ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுக. செத்தது பிறகுதான் தெரியும்."

"எங்க தெருவுக்கு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். மழுப்புகிற யோசனை இல்லை, சரியாகச் சொல்ல வேண்டுமே என்கிற யோசனை. "உங்க தெரு எங்களுக்கு வரல. வேற கோஷ்டிக்குப் பிரிச்சுக் குடுத்திருந்தாக. பட்டாளம் வந்துட்டதால அவுகளும் வரல."

தெருக்களைப் பங்கு போட்டிருந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். நம் முனிசிபாலிடி குப்பை வண்டிக்குத் தெரு பிரித்துக் கொடுப்பது போல.

"உங்களுக்கு வந்திருந்தா?"

அவன் பதில் சொல்வதற்குள் மியோ ஓக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி வந்துவிட்டார். "ஆயிற்றா மிஸ்டர் சாமுவேல்?" என்றார்.

முனியாண்டியின் மனைவிக்கு நான் எழுதிய கடைசிக் கடிதம் நினைவுக்கு வந்தது. பேனாவை மையில் தோய்த்தேன். இரண்டு சொல், இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். அதை அடித்தால் வீடு, இதை அடித்தால் கோர்ட்டு. கோ செய்ன் என் கையைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த யாருடைய மாட்டையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசியலை அடித்தேன். அவன் நாக்கு அழுகுவதானால் அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

இப்போது மச்சானுக்கும் காதர் அண்ணனுக்கும் என்ன சொல்வது? மாட்டை ஓட்டிப் போனது அரசியல்தான், காதர் அண்ணன் சொன்னது சரி. குண்டு பாயாது என்று தைரியம் கொடுத்தது மதம்தான், மச்சான் சொன்னதும் சரி. ஆனால் இரண்டும் சேர்ந்தும் கோ செய்னை வாசற்படி தாண்ட வைக்கவில்லை. அதற்கு வேண்டியவர் ஒருவர் வந்து கூப்பிட வேண்டியிருந்தது. எங்கள் ஆபீஸ் கணக்குப்படி இந்தத் தாலுகாவில் நடந்தது முழுக்க முழுக்க மதக் கலகம். ஒன்பதாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு ரங்கூனில் யாராவது அப்படியே புத்தகம் எழுதினால் அதற்கு நான்தான் பொறுப்பு.

7

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. கோ செய்ன் வண்டி. ஒரு பக்கம் அவனுடைய சிவப்பு மாடு, மறுபக்கம் யாரோ இரவல் கொடுத்த கிழட்டு மாடு. வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்வதற்குள் எஸ்தர் புத்தகப் பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்குடி" என்றாள் அருளம்மா.

"மாட்டேன்."

அருளம்மா என்னைப் பார்த்தாள். "ஆபீஸ்ல அம்புட்டுப் பேரையும் விசாரிக்கிறீங்க. இவன நம்பிப் பிள்ளைய அனுப்பலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மை அதுதான். அவள் உள்ளே போனாள். செருப்பு மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராகப் போய் வண்டியில் கோ செய்னின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். குடையின் கூர்முனை அவன் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அன்றைக்கு அவன் பாடவில்லை.

ஒரு மாதம் தினமும் இப்படியே போனாள், வந்தாள். இரண்டாவது வாரம் மறுபடி பாட்டுக் கேட்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம், கடைக்காரனிடம் "பழையது வேணாம், புதுசா எடு" என்று அருளம்மா பர்மா பாஷையில் சொல்வதை என் காதால் கேட்டேன். ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பது வருஷம் கற்காததை அவள் ஒரு மாதத்தில் கற்றிருந்தாள். எஸ்தர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத விரும்பவில்லை.

போன வாரம் ஒரு நாள் வண்டி வந்தபோது அருளம்மா எழுந்திருக்கவில்லை. எஸ்தர் தனியாக ஏறிக்கொண்டாள். வண்டி போன பிறகு கேட்டேன்.

"நீ போகலையா?"

"இனிமே வேணாம். கேட்டுட்டேன்."

"என்ன கேட்ட?"

"நீங்க ஆபீஸ்ல பாதியில விட்டதாச் சொன்னீங்களே, அதத்தான். எங்க தெரு உங்களுக்கு வந்திருந்தா வந்திருப்பீகளான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"வந்திருப்பேன்னான்."

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"நீ வந்திருந்தா நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன்னேன். திரும்பிப் பாத்தான். தெரியும்மான்னு சொல்லிட்டுச் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பள்ளிக்கூடம் வந்துருச்சு, எறங்கிட்டோம்."